இருநூற்றுப் பதினேழு அடிகள்

"அப்பா, இன்னிக்கு மொத்தம் இருநூத்திப் பதினேழு அடி! அதுலயும் பாதி ஃப்ரிட்ஜுக்குப் போய் வந்ததாத்தான் இருக்கும்!"

டொரோன்டோவில் ஆபீசுக்குக் காரோட்டியபடி கிரீஷ் கத்தியது, அபிராமபுரத்தில் மூன்றாவது மாடிச் சமையலறையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த முனியம்மாளுக்கும் கேட்டது. தினமும் மாலை ஏழு மணிக்கு நடக்கிற கச்சேரிதான்.

கதிரேசன் கைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அரசாங்கத்தில் புள்ளிவிவரப் பிரிவின் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. மகன் அனுப்பிய கடிகாரம் அவர் மணிக்கட்டில் இருந்தது. எத்தனை அடி நடந்தார் என்று எண்ணி, அது டொரோன்டோவுக்கு உடனுக்குடன் போட்டுக்கொடுத்துவிடும்.

"நடைங்கறது எண்ணிக்கை இல்லடா, தரம். இந்த இருநூத்திப் பதினேழும் முதல் தரமான அடி."

"உங்களுக்கு சுகர் இருக்குப்பா! லிஃப்டை விட்டுட்டுப் படியேறி இறங்கினாக்கூடப் போதும்."

"லிஃப்டுக்கும் சேர்த்துத்தானே மெயின்டனன்ஸ் கட்டறேன்? சும்மா விடச் சொல்றியா?"

"தெருமுனை வரைக்கும் போய் பாலாவது வாங்கிட்டு வரலாம்ல?"

"வெயிலு."

"காலையில ஆறு மணிக்கு என்னப்பா வெயிலு?"

"அப்ப பனி."

இருபது நிமிடம் திட்டு வாங்கினார். ஆபீஸ் வந்துவிட்டது என்று கிரீஷ் வைத்தபோது, "இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன், முழங்கால்ல..." என்று இவர் தொடங்கிய வாக்கியம் பாதியில் நின்றது.

முனியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

"இன்னா ஐயா இது, இஸ்கோல் புள்ள மாரி தெனம் திட்டு வாங்கிக்கினு கீறீங்க? அந்த வாச்சை என் கைல குடுங்க. நாலு வூட்டு வேலை செய்யறேன். வேலைக்காரங்க லிஃப்ட்ல ஏறக் கூடாதுன்னு உங்க ஃப்ளாட்டு செகரட்டரி போர்டு வேற மாட்டிகிறாரு. ஒரே நாள்ல உங்க புள்ள வாயடைச்சுப் பூடுவாரு."

கதிரேசன் எழுந்து நின்றார். இணை இயக்குநர் எழுந்து நின்றார் என்றே சொல்ல வேண்டும்.

"முனியம்மா! முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு எண்ணைக்கூட மாத்தி எழுதினதில்ல. பொய்க் கணக்கு குடுத்து என் பையனை ஏமாத்தச் சொல்றியா?"

"தெரியாம சொல்ட்டேன் ஐயா," என்று அவள் உள்ளே போய்விட்டாள். திட்டு வாங்குவதில்கூட நேர்மை பார்க்கிற மனிதரை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

ஆனாலும் பாவமாக இருந்தது. மறுநாள் சாப்பிட்டுவிட்டு, கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்து அவர் கண்ணயர்ந்ததும், அதை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மூன்று வீடுகளில் பெருக்கினாள், துடைத்தாள், மொட்டை மாடிக்கு ஏறி இறங்கினாள். சாயங்காலம் திரும்பி வந்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சப்பாத்திக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கதிரேசன் சலவைச் சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு, கைபேசிக்கு எதிரில் வந்து அமர்ந்தார். திட்டு வாங்குவதற்கும் பெரிய மனிதர்களுக்கு இத்தனை தயாரிப்பு வேண்டியிருக்கிறதே என்று முனியம்மாள் நினைத்துக்கொண்டாள்.

ஏழு அடித்தது. ஏழு ஐந்து. ஏழேகால்.

"சிக்னல் இருக்கா பாரு, முனியம்மா."

"நாலு கோடும் ஃபுல்லா கீது ஐயா."

'டிங்' என்றது கைபேசி. கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் ஒரு மஞ்சள் பொம்மை. அதன் கீழே ஒரு வரி: 'சூப்பர்ப்பா! 11,460!'

"பாத்தீங்களா, இன்னிக்கி திட்டே கெடியாது!" முனியம்மாள் வாயெல்லாம் பல்லாக நின்றாள். "மத்தியானம் நாந்தான் கட்டிக்கினு போனேன். கோச்சுக்காதீங்க ஐயா. அவரு உங்களை அப்டி கூவறது எனக்கே பேஜாராப் பூச்சு."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வேறு எதுவும் வரவில்லை.

"இனிமே இதைத் தொடாத, முனியம்மா."

"நீங்கதான் நடக்கவே மாட்டேன்றீங்களே! உடம்பு இன்னாத்துக்கு ஆவும்?"

"தினம் விடியக்காலையில, நீ வர்றதுக்கு முன்னாடி, பார்க்ல பத்து ரவுண்டு நடந்துட்டுத்தான் வர்றேன்," என்றார் கதிரேசன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடியாரத்தை மட்டும் வீட்டிலேயே கழட்டி வெச்சிட்டுப் போறேன். கட்டிக்கிட்டு நடந்த ரெண்டு மாசமும் தினம் இந்தக் கட்டைவிரல்தான் வந்துது. அவன் ஒரு நாள்கூடக் கூப்பிட்டுப் பேசல."