பிரிக்காத உறை

சாய்ந்த வெயில் கடைக்குள் புகுந்து, மேசைமேல் இருக்கும் திரைப்பட டிவிடிப் பெட்டியின் பிளாஸ்டிக் உறையில் கண் கூச மின்னுகிறது. டிவிடிகளை வாங்கி விற்கும் கடைக்காரர் அதைக் கையிலெடுத்து, விளக்கருகே பிடித்துத் திருப்புகிறார். ஆலையில் இட்ட உறை நான்கு மூலைகளிலும் ஒரே அச்சாக மடிந்திருக்கும். இதிலோ ஒரு மூலை மட்டும், பிரித்துவிட்டுச் சூடு காட்டி மறுபடி ஒட்டியதுபோல் சுருங்கியிருக்கிறது. விற்க வந்திருப்பவர் அயலார் அல்லர், தங்கையின் கணவர். தங்கையும் பக்கத்தில்தான் நிற்கிறாள். “பிரிக்காத சரக்கு மச்சான். என்னமோ மாடு வாங்குற மாதிரி பல்லப் பிடிச்சுப் பாக்குறீங்க?” “அட, சும்மாதான் மாப்பிள்ளை.” கடைக்காரரின் நகம் அந்தச் சுருக்கத்தை விட்டு அகல மறுக்கிறது. பிரித்தால் உண்மை தெரிந்துவிடும்; ஆனால் புதியது என்னும் மதிப்பும் போய்விடும், மாப்பிள்ளையைச் சந்தேகித்ததும் வெளிப்பட்டுவிடும்.

அவர் தயங்கி நிற்கையிலேயே தங்கை பெட்டியை வெடுக்கென்று பிடுங்கி, உறையைக் கிழித்துத் திறக்கிறாள். உள்ளே வட்டு ஒரு கீறலுமின்றி, விரல் படாத கண்ணாடியாய்ப் பளிச்சிடுகிறது. “அப்பாடா, புதுசுதான்!” என்று தன்னையறியாமல் சொல்லிவிடுகிறாள். கடைக்காரர் சிரிக்க முயல்கிறார். மாப்பிள்ளை வட்டைப் பார்க்கவேயில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறார்.