சொக்கம்மாளின் முளைப்பாரி

போன ஆடியில் சொக்கம்மாள் அம்மனுக்கு வளர்த்த முளைப்பாரி குட்டையாகப் போனதற்கு நெட்டுக்குப்பமே சிரித்தது. அந்தக் கடுப்பில் இந்த வருசம், எம்.எஸ்சி. படிக்கும் மகள் அன்புக்கரசி, கல்லூரி லேபிலிருந்து வளர்ச்சி ஹார்மோனைத் திருடிவந்து அம்மாவுக்குத் தெரியாமல் சட்டியில் ஊற்றினாள். நெற்பயிர் முழ உயரம் நின்றது.

"ஆத்தாவே வந்து குந்திகினு கீறா, சொக்கம்மா!" என்று தெருவே கும்பிட்டது. அம்மா அழுதாள். அன்புக்கரசிக்கு உடம்பெல்லாம் கூசியது.

எல்லாம் ஹார்மோன் வேலைதான் என்று நிச்சயப்படுத்திக்கொள்ள, நாலு பயிரைக் கிள்ளிப்போய் லேபில் அரைத்து, புரதத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

ஜெல்லில் வரிவரியாக விழுந்த புரதப் பட்டைகளைப் பார்த்து லேப் மேடம் முகம் சுளித்தார். "நெல்லுன்னு சொன்னே? இது மனுச ரத்தம்மா."

அன்புக்கரசி வீட்டுக்கு ஓடினாள். அம்மா வெளுத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள்.

"தல சுத்திகினே கீதுடி," என்றாள் அம்மா பெருமையாக. "ஆனா பாரு, பயிரு இன்னும் ஒரு சாண் ஏறிகீது."