நூலில் தொங்கும் பை

ஒரு குழந்தையின் தலைக்கு இன்றைய விலை, பை மாட்ட ஓர் ஆணி. அந்த ஆணி இல்லாததால் மேஸ்திரி தன் சாப்பாட்டுப் பையைச் சாலையோரம் இழுத்துக் கட்டிய நூலில் மாட்டிவிட்டுப் போன் பேசுகிறார். தார் போடும் இயந்திரத்திலிருந்து நீளும் சென்சார் கம்பி அந்த நூலைத் தடவிக்கொண்டே வருகிறது. நூல் ஏறினால் தளமும் ஏறும், இறங்கினால் இறங்கும். பையின் கனத்தில் நூல் தொய்ந்த இடத்தில், சரியாக வளைவில், புகையும் கறுப்புத் தளம் குழிந்து கிடக்கிறது. மெஷின்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குதிக்கிறார்.

“மச்சான், மெஷின் நூல் சொல்றதத்தான் கேக்கும். இன்னைக்கு உங்க சோத்துப் பை சொன்னதையும் கேட்டிருக்கு.”

“ரோலர் ஏறுனா சரியாயிடும் மாப்பிள்ள. நீ ஓட்டு.”

“ரோலர் அமுக்கும், தூக்காது. மழத்தண்ணி இங்கதான் நிக்கும். உங்க தங்கச்சி நம்ம பாப்பாவ வண்டியில வச்சுக்கிட்டு தினமும் இங்கதான் திரும்புறா.”

“வீட்டு விஷயத்த வேலையில கொண்டு வராத.”

“வீட்டுச் சுவத்துல மாட்டுற மாதிரி பைய மாட்டுனது யாரு?”

ரோலர் உறுமிக்கொண்டு நெருங்குகிறது. மெஷின்காரர் அதன் முன்னால் போய் நிற்கிறார். செருப்பைத் தாண்டிச் சூடு ஏறுகிறது, கால் நகரவில்லை. ரோலர் நிற்கிறது. மேஸ்திரி பல்லைக் கடித்தபடி மண்வெட்டியை எடுக்கிறார். பள்ளத்திலிருந்து மூன்று தள்ளுவண்டி கலவை வெளியே போகிறது, நான்கு உள்ளே வருகிறது. மேஸ்திரி மச்சான் வாயிலிருந்து வரவேண்டிய ‘தப்புதான்’ என்ற ஒரு சொல் மட்டும் பாக்கி.