வாயில் நின்ற மிடறு

இனிக் குடிப்பதில்லையென்று ஒண்டிமுத்து முனியப்பன் கோயிலில் கயிறு கட்டிப் பதினோரு வருஷமாகிறது. மருமகன் ஜெகதீசன் வீட்டிலேயே சிங்கப்பூர் ஸ்லிங் என்கிற காக்டெயில் கலக்கினான். இரண்டு கிளாஸிலும் அன்னாசிச் சாறு, செர்ரிச் சிவப்பு. முதுகைக் காட்டியபடி ஒன்றில் மட்டும் ஜின் விட்டான்.

“அது எனக்கு. உங்களுக்கு வெறும் ஜூஸ், மாமா.”

ஜின்னை என் கிளாஸில் விட்டுவிட்டு ஜூஸ் என்கிறான், கூட்டுச் சேர்க்கப் பார்க்கிறான் பயல் என்று பட்டது கிழவருக்கு. அவன் ஐஸ் எடுக்கத் திரும்பியதும் கிளாஸ்களை மாற்றி வைத்து, ஒரு பெரிய மிடறை வாயில் வாங்கினார். இனித்தது. பின்னாலேயே ஏதோ தைல வாடை. பழமா, சரக்கா? நாக்குக்கு மறந்துபோயிருந்தது.

ஜெகதீசன் தன் கிளாஸைக் குடித்துப் பார்த்தான். மாமனாரின் உப்பிய கன்னத்தையும் மணிக்கட்டுக் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஜூஸ்தான் மாமா, முழுங்குங்க.”

ஜூஸ் எந்தக் கிளாஸில் என்று கேட்க வேண்டும். வாய் நிறைய வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது?