விழாத விமானம்

கடையின் கண்ணாடி மேசைமேல், அப்பா துண்டில் சுற்றிக் கொண்டுவந்த தெர்மாகோல் விமானம் கிடக்கிறது. மகள் வெட்டி ஒட்டியது. மொட்டையாக இருக்கும் அதன் மூக்கில் கடைக்காரர் ஒவ்வொரு மோட்டாராக வைத்துக் காட்டுகிறார். அப்பா ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, இருப்பதிலேயே லேசான ஒன்றை எடுத்துவைக்கிறார். பேட்டரி, ரிசீவர், ரிமோட் எல்லாம் பக்கத்தில் வந்து சேர்கின்றன. ஜன்னல் வெயில் இறக்கைமேல் ஏறும்போது, பசை காயுமுன் பதிந்துவிட்ட சின்னப் பெருவிரல் ரேகை பளபளக்கிறது. "ப்ரொப்பெல்லர் மட்டும் நாலஞ்சு சேர்த்து எடுத்துக்கங்க சார். முதல் ப்ளேனைக் கீழ போடாம யாரும் கத்துக்கிட்டதில்ல" என்று சிரிக்கிறார் கடைக்காரர். "இறக்கையே ஒடைஞ்சாலும் என்ன, பாப்பா இன்னொன்னு வெட்டிக் குடுத்துரும். எவ்ளோ நறுவிசா வெட்டியிருக்கு பாருங்க!" அப்பா தலையாட்டுகிறார். பிறகு மோட்டாரை எடுத்து அது வந்த பெட்டியிலேயே திரும்ப வைக்கிறார். பேட்டரியையும் ரிமோட்டையும் மெல்லக் கடைக்காரர் பக்கமாக நகர்த்துகிறார். "ஏன் சார், விலை ஜாஸ்தியா? பார்த்துப் போட்டுக்கலாம்." "அதில்லப்பா. அவ இருந்தப்ப வெட்டினது இது ஒன்னுதான்." கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. அப்பா துண்டை விரித்து, தலை நிற்காத பிள்ளையைத் தூக்குவதுபோல், விமானத்துக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுக்கிறார்.