கரடிக்கு வராத பாட்டு

ஜன்னல் கம்பிகளின் நிழல் டிவி திரையில் கோடு கோடாக விழுகிறது. நாத்தனார் திரைச்சீலையை இழுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். நாற்பது வருடத்துக்கு முன் அவள் கையில் மாட்டி ஆட்டிவைத்த டிவி பொம்மை நிகழ்ச்சி இப்போதுதான் டிவிடியாக வந்திருக்கிறது. கரடி பொம்மை வாயைத் திறக்கிறது. என் கணவர் எழுதிய பாட்டு வரவேண்டிய இடத்தில் வெறும் புல்லாங்குழல் கேட்கிறது. "என்ன அண்ணி, அண்ணன் பாட்டைக் காணோம்?" "தெரியலையே." "உரிமை வாங்கச் சோம்பல் பட்டிருப்பானுங்க. உங்ககிட்ட ஒரு கையெழுத்து கேட்டிருந்தா போட்டிருக்க மாட்டீங்களா? அண்ணன் இருந்தா இந்நேரம் டிவியை உடைச்சிருப்பாரு." கேட்டார்கள். அனுமதி கேட்டு மூன்று கடிதம் வந்தது. அந்தக் காலத்தில் நிகழ்ச்சியின் டைட்டிலில் இவள் பெயரைப் பெரிதாகப் போட்டு அவர் பெயரை விட்டுவிட்டார்களே என்ற கோபத்தில், மூன்றையும் பீரோவில் புடவைக்கடியில் வைத்துப் பூட்டினேன். நாத்தனார் ரிமோட்டால் புல்லாங்குழலை அடக்குகிறாள். கரடி சத்தமில்லாமல் வாயசைக்கிறது. இவளுடைய வலது கை தானாக மேலே எழும்புகிறது; மூட்டுவலியில் வீங்கிய விரல்களும் கட்டைவிரலும் ஒரு வாயாகி, கரடியோடு சேர்ந்து திறந்து மூடுகின்றன. "உங்களுக்குத்தான் பாட்டு மனப்பாடமாச்சே அண்ணி. நீங்க பாடுங்க, நான் வாயசைக்கிறேன்" என்று சிரிக்கிறாள். அந்தக் கை என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தபடி காத்திருக்கிறது.