மஞ்சள் மாத்திரை

வெள்ளையம்மாவின் பிரசர் இந்த மாதமும் இறங்கவில்லை.

டொக்டர் ஸாஹிரா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் போட்டார். ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த கூட்டம் இன்னும் வாசல்வரை நின்றது. காலையிலிருந்து அவருக்கு ஒரு பிளேன்டீகூட உள்ளே போகவில்லை.

முதலில் வெள்ளை மாத்திரை கொடுத்தார். இறங்கவில்லை. அப்புறம் அதோடு ரோஸும். அதற்கும் மசியவில்லை. போன மாதம் மஞ்சளும்.

புது மாத்திரை எழுதினால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். இவள் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டாள். கிளினிக் வந்தால் தோட்டத்து வேலைக் கணக்கில் அன்றைய பேர் போச்சு, சம்பளமும் போச்சு என்று முனகுவாளே தவிர, ஒரு மாதமும் வராமல் இருந்ததில்லை.

நாலாவதை எழுதுமுன் முதல் மூன்றும் வயிற்றுக்குள் போகிறதா என்று பார். படிக்கிற காலத்தில் வார்டில் சொல்லிக் கொடுத்தது. இந்தக் கூட்டத்தில் அதற்கெல்லாம் எங்கே நேரம்?

இன்று பார்த்தே விடுவது என்று ஓர் எரிச்சல். மூன்றையும் அவள் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரும் கொடுத்தார்.

“என் முன்னாலேயே போடுங்க.”

வெள்ளையம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டொக்டரின் முகத்தைப் பார்த்ததும் மூன்றையும் விழுங்கிவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

மதியம் நெருங்கும்போது பெஞ்சிலிருந்து சரிந்தாள்.

கால்களை உயர்த்தி, சேலைன் ஏற்றி, மறுபடி பிரசர் பார்த்தார்கள். பாதரசம் இறங்கிக்கொண்டே போனது. கொன்றுவிட்டேனோ என்று ஸாஹிரா அவள் நாடியைப் பிடித்தபடியே நின்றார். மூன்றும் சேர்ந்து பழகாத உடம்பு. அது இப்போதுதான் விளங்கியது.

இரண்டாவது போத்தல் பாதி ஏறியபோது அவள் கண் திறந்தாள்.

திட்டக்கூட ஸாஹிராவுக்குத் தெம்பில்லை. உயிரோடு இருக்கிறாளே, அது போதும். கட்டிலருகே நின்றபடியே கிளினிக் கொப்பியைத் திறந்து ரோஸை வெட்டினார். அடுத்து மஞ்சளின் மேல் பேனாவை வைத்தார்.

வெள்ளையம்மா சேலைன் ஏறாத கையால் அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டையும் வெட்டிறாதீங்க டொக்டரம்மா. ரோஸு எங்க வீட்டுக்காரருக்குங்க. மஞ்ச இப்பதாங்க மாமியாருக்குக் கெடைச்சிச்சு.”